அவசரப் பிரிவில் அந்தக் கேள்வியை எல்லார் முன்னிலையிலும் கேட்கத்தான் வேண்டுமா?

8 ஜூன் 2025, மாலை 6.10. கேட்டவர்: கோத்தகிரிக்காரர்

சென்ற வாரம் நள்ளிரவில் என் தங்கைக்குக் கடுமையான வயிற்றுவலி வந்தது. அவளுக்கு வயது 21, கல்லூரியில் படிக்கிறாள், திருமணமாகவில்லை. நான், அம்மா, பெரியப்பா மூவரும் அவளை அவசரப் பிரிவுக்கு அழைத்துச் சென்றோம். அங்கிருந்த செவிலியர் இரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டே, எங்கள் மூவர் முன்னிலையிலும், பக்கத்துப் படுக்கையில் இருந்தவர்களுக்கும் கேட்கும்படியாக, "கடைசியாகத் தலைக்குக் குளித்தது எப்போது? நாள் தள்ளிப் போயிருக்கிறதா? மாத்திரை ஏதாவது வாங்கிப் போட்டாயா?" என்று வரிசையாகக் கேட்டார். பெரியப்பா, எங்கள் வீட்டுப் பெண்ணைப் பார்த்து இது என்ன கேள்வி என்று சத்தம் போட்டுவிட்டார். சிறுநீர்ப் பரிசோதனையும் எடுத்தார்கள். கடைசியில் குடல்வால் அழற்சி என்று தெரிந்தது. அறுவை சிகிச்சை முடிந்து இப்போது நலமாக இருக்கிறாள். குடல்வால் வலிக்கு இந்தக் கேள்விகள் எதற்கு என்று மருத்துவமனையில் பணிபுரிந்தவர்கள் யாரேனும் சொல்ல முடியுமா?

8 ஜூன், இரவு 10.40. ஓய்வுபெற்ற செவிலியரின் குறிப்பு

நீலகிரியின் தாலுகா மருத்துவமனைகளில் இருபத்தாறு ஆண்டுகள் பணிபுரிந்தவள் நான். அதில் பதினைந்து ஆண்டுகள் அவசரப் பிரிவில் கழிந்தன. குடல்வால்தான் என்பது இன்றைக்கு உங்களுக்குத் தெரியும். அன்றிரவு அந்தச் செவிலியருக்குத் தெரியாது. அடிவயிற்றில் வலியோடும் குமட்டலோடும் முகம் வெளுத்து ஓர் இளம்பெண் வந்தால், குடல்வாலோடு சேர்த்து இன்னொன்றும் உடனே நினைவுக்கு வர வேண்டும்: கருப்பைக்கு வெளியே, கருக்குழாயில் தங்கிவிட்ட கர்ப்பம். அந்தக் குழாய் வெடித்தால் இரத்தம் பெரும்பாலும் வெளியே தெரியாது, வயிற்றுக்குள்ளேயே தேங்கும். இள வயது உடம்பு இரத்த அழுத்தத்தை வெகுநேரம் தாக்குப்பிடித்துக் காட்டிவிட்டு, பிறகு ஒரேயடியாகச் சரிந்துவிடும். சிலர் வயிற்றைப் பற்றியே பேசாமல் தோள்பட்டை வலிக்கிறது என்பார்கள். தேங்கிய இரத்தம், நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசையான உதரவிதானத்தை உறுத்துவதால் வரும் வலி அது.

மலையில் இருக்கும் நமக்கு இன்னொரு கணக்கும் உண்டு. மேட்டுப்பாளையம் இறங்கிக் கோயம்புத்தூர் அரசு மருத்துவமனையை அடைய, வண்டி உடனே கிடைத்தாலும், ஏறத்தாழ இரண்டு மணி நேரம் ஆகும். அந்த இரண்டு மணி நேரத்தை இப்போதே தொடங்குவதா, காலை வரை காத்திருப்பதா என்று முடிவு செய்வதற்கு அந்தக் கேள்வி வேண்டும்.

ஆகவே கேள்வி சரியானது, கேட்ட இடம்தான் தவறு. பெரியப்பா நிற்கும்போது அந்தக் கேள்விக்கு ஒரே ஒரு பதில்தான் கிடைக்கும். அந்தப் பதிலால் மருத்துவருக்கு எந்தப் பயனும் இல்லை.

9 ஜூன், காலை 7.15

"தலைக்குக் குளித்தது எப்போது" என்ற சொல்லைப் பற்றி ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். மாதவிலக்கு என்று கேட்டால் புத்தகம் போல ஒலிக்கும். தீட்டு என்று கேட்க எனக்கு மனம் வராது. வீட்டுக்கு விலக்கு என்பது சில ஊர்களில் மட்டும் புரியும். ஆகவே நாங்களும் தலைக்குக் குளித்ததைத்தான் கேட்டு வந்தோம். சமவெளியிலிருந்து புதிதாக வந்த செவிலியர் ஒருவர், உறைபனி விழும் டிசம்பர் மாதத்தில், ஒரு பெண்ணிடம் இதையே கேட்டார். அவள் வெள்ளிக்கிழமை குளித்ததாகச் சொன்னாள். உடன் வந்த பாட்டி விடவில்லை. "பொய் சொல்றா சிஸ்டர், இந்தக் குளிர்ல எவ குளிக்கிறா? தீபாவளிக்குக் குளிச்சவதான்" என்றார். நம் செவிலியர் தீபாவளியிலிருந்து நாளை எண்ணி, நாள் தள்ளிப் போயிருக்கிறது என்று சீட்டில் எழுதிவிட்டார். மருத்துவர் வந்து விசாரிக்கும் வரை அந்தப் பெண் கர்ப்பிணியாகவே இருந்தாள்.

அதன் பிறகு நான் "மாதம் வரும் இரத்தப்போக்கு கடைசியாக எந்தத் தேதியில் தொடங்கியது" என்றே கேட்கத் தொடங்கினேன். அழகான வாக்கியம் இல்லை, ஆனால் அதில் குளியல் இல்லை.

11 ஜூன், இரவு 9.05

சிறுநீர்ப் பரிசோதனையிலேயே தெரிந்துவிடுமே, பிறகு வாயால் ஏன் கேட்க வேண்டும் என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. பரிசோதனை ஐந்து நிமிட வேலைதான். ஆனால் மருந்துக்கடையில் கருக்கலைப்பு மாத்திரை வாங்கிப் போட்டு இரண்டு நாளாக இரத்தம் போகிறதா என்பதை அந்த அட்டையின் இரண்டு கோடுகள் சொல்லாது. தவிரவும், எதற்கான பரிசோதனை என்று அந்தப் பெண்ணுக்குச் சொல்லாமல் சிறுநீரை வாங்குவது ஏமாற்று வேலை என்று நான் நினைக்கிறேன். பல ஆண்டுகள் அப்படித்தான் வாங்கினேன் என்பதையும் மறைப்பதற்கில்லை.

கருத்தடை அறுவை செய்துகொண்டவர்களையும் விட்டுவிடக் கூடாது. "எனக்கு ஆபரேஷன் ஆகி எட்டு வருசம் ஆச்சு" என்று ஒரு தாய் சொன்னால் அத்தோடு கேள்வியை முடித்துவிடுவது வழக்கம். அறுவைக்குப் பிறகு கர்ப்பம் தரிப்பது அரிதுதான். ஆனால் தரித்துவிட்டால் அது குழாயில் தங்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். கணவருக்குக் கருத்தடை அறுவை நடந்த குடும்பம் என்றால் இந்தக் கேள்வி வேறு விதமாகக் கனக்கும். அவர் அருகில் நிற்கும்போது அதை ஒருபோதும் கேட்கக் கூடாது.

14 ஜூன், பிற்பகல் 3.30

உடன் வந்தவர்களை எப்படி வெளியே அனுப்புவது என்று பயிற்சியில் இருக்கும் செவிலியர் ஒருவர் கேட்டிருக்கிறார். "வெளியே போங்கள்" என்றால் போக மாட்டார்கள். போனாலும் கதவருகே காதை வைத்துக்கொண்டு நிற்பார்கள், நாம் எதையோ மறைக்கிறோம் என்றும் நினைப்பார்கள். நான் வேலை கொடுத்து அனுப்புவேன். ஒருவர் ஓ.பி. சீட்டு போட, ஒருவர் ஆதார் அட்டையைப் பிரதி எடுக்க, ஒருவர் சூடாகப் பால் வாங்க. மூன்று பேரை மூன்று திசைக்கு அனுப்பினால் ஐந்து நிமிடம் கிடைக்கும். ஐந்து நிமிடம் போதும். மாமியார் மட்டும் எதற்கும் அசைய மாட்டார். அவர் வந்திருந்தால், இ.சி.ஜி. எடுக்க வேண்டும், மேலாடையைத் தளர்த்த வேண்டும் என்று சொல்லித் திரையை இழுத்துவிடுவேன்.

திரை என்றதும் நினைவுக்கு வருகிறது. திரை கண்ணை மறைக்குமே தவிரக் காதை மறைக்காது. பச்சைத் துணி இழுத்துவிட்டோம் என்ற நிம்மதியில் நாங்கள் முன்னைவிடச் சத்தமாகப் பேசிய நாட்கள் உண்டு.

காரணத்தை முதலில் சொல்லிவிட்டுக் கேட்பது நல்லது. "வயிற்றுவலி என்று வருகிற பெண்கள் எல்லாரிடமும் இதைக் கேட்போம், மருந்து கொடுப்பதற்கு முன்னால் தெரிந்தாக வேண்டும்" என்று சொன்னால் பெரும்பாலும் முகம் இளகும். ஆனால் அந்த "எல்லாரிடமும்" என்ற சொல் உண்மையாக இருக்க வேண்டும். என் தாயார் டான்டீ என்ற அரசுத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தவர். இலங்கையிலிருந்து திரும்பிய குடும்பம் எங்களுடையது. அப்படிப்பட்ட நானே, தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லைன் வீட்டிலிருந்து வந்த பெண்ணிடம் இந்தக் கேள்வியை நின்றபடி உரக்கக் கேட்டேன். அதிகாரி வீட்டுப் பெண்ணிடம் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து மெல்லக் கேட்டேன். ஆசிரியை ஒருவரின் மகளிடம் கேட்காமலே விட்டேன். இதை யாரும் சுட்டிக் காட்டவில்லை. பணியில் பத்தாண்டுகள் கழிந்த பிறகு நானாகக் கண்டுகொண்டேன்.

14 ஜூன், இரவு 11.20

மதியம் எழுதியதைப் படித்துப் பார்த்தேன். முக்கியமானதை விட்டிருக்கிறேன்.

நாம் கூச்சமான கேள்வி என்று நினைப்பது மாதவிலக்கையும் மதுவையும் பற்றிய கேள்விகளை. மலையில் அவற்றைவிடக் கூச்சமான ஒரு கேள்வி இருக்கிறது; அதை நாங்கள் அன்பென்று நினைத்து முதலிலேயே கேட்டுவிடுவோம். "எந்த ஊரும்மா, யார் மக?" என்பதுதான் அது. ஹட்டியின், அதாவது அவளுடைய மலைக் கிராமத்தின், பெயரைச் சொன்னவுடன், "ஓ, அந்தக் கடைக்காரர் வீட்டுக்குப் பக்கமா, என் சின்ன மாமியார் அங்கேதான் இருக்காங்க" என்று நாம் உறவு கொண்டாடுவோம். அந்தக் கணத்தில் அந்தப் பெண்ணின் வாய் பூட்டிக்கொள்ளும். இனி அவள் சொல்வதெல்லாம் சின்ன மாமியார் வழியாக ஊருக்குப் போய்ச் சேரும் என்று அவளுக்குத் தெரியும். சென்னையில் ஒரு செவிலியர் நோயாளிக்கு அந்நியர். இங்கே நாங்கள் யாருக்கும் அந்நியராக இருக்க முடிவதில்லை. சந்தையிலும் பேருந்திலும் கோயில் திருவிழாவிலும் அவர்களைச் சந்தித்தாக வேண்டும்.

முகவரி பதிவுக்கு வேண்டும்தான். அதைச் சீட்டு எழுதுபவர் கேட்டுக்கொள்ளட்டும். நோயாளியின் தலைமாட்டில் நிற்பவர் அதைக் கடைசியாகக் கேட்டாலும் ஒன்றும் குடிமுழுகிவிடாது.

17 ஜூன், காலை 6.50

ஆண்களிடம் இப்படியெல்லாம் கேட்பதில்லையே என்று ஒரு வாசகி கோபப்பட்டிருக்கிறார். கேட்கிறோம், அம்மா. நெஞ்சுவலியோடு வரும் ஆணுக்கு நாக்கின் அடியில் சார்பிட்ரேட் என்ற நைட்ரேட் மாத்திரை வைப்பதற்கு முன்னால், ஆண்மைக்காக ஏதேனும் மாத்திரை போட்டாரா என்று கேட்டாக வேண்டும். சில்டெனாஃபில் போட்டு 24 மணி நேரம் ஆகாமலும், டாடாலாஃபில் போட்டு 48 மணி நேரம் ஆகாமலும் இருப்பவருக்கு நைட்ரேட் மருந்தைக் கொடுத்தால் இரத்த அழுத்தம் பாதாளத்துக்கு இறங்கிவிடும். உதகைக்குச் சுற்றுலா வருபவர்களிடம் இந்தக் கேள்வி எளிது. நாளை அவர்கள் நம்மைப் பார்க்கப் போவதில்லை. உள்ளூர்க்காரரிடம்தான் கடினம். ஐம்பத்தெட்டு வயதுப் பெரியவர், அருகில் திருமணமான மகன் என்றால் இன்னும் கடினம். அது நுரையீரல் இரத்த அழுத்தத்துக்கும் கொடுக்கப்படுகிற மருந்து என்பது எனக்குக் கை கொடுத்தது. "நெஞ்சுக்கும் சில பேருக்கு வேறு காரணத்துக்கும் கொடுக்கிற மாத்திரை ஒன்று இருக்கிறது, ஐயா, நேற்றும் இன்றும் அதைப் போட்டீர்களா" என்று மாத்திரையின் பெயரையும் சொல்லிக் கேட்பேன். பெரியவர்கள் கண்ணை மூடிக்கொண்டு தலையை மட்டும் அசைப்பார்கள். அதுவே போதும்.

பையன்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். பதிமூன்று, பதினான்கு வயதில் அடிவயிறு வலிக்கிறது என்று வருவான். உண்மையில் வலிப்பது விதைப்பை. விதை முறுக்கிக்கொண்டால் அதைக் காப்பாற்ற ஏறத்தாழ ஆறு மணி நேரம்தான் இருக்கிறது. அவன் கூச்சத்தில் மூன்று மணி நேரத்தைத் தின்றிருப்பான், மலை இறங்கும் வழி மீதியைத் தின்னும். அம்மா இருந்தால் சொல்ல மாட்டான். நான் இருந்தாலும் சொல்ல மாட்டான். ஆண் செவிலியரையோ மருத்துவமனைப் பணியாளரையோ கேட்கச் சொல்வேன்.

17 ஜூன், இரவு 8.00

குடிப்பழக்கம் பற்றிச் சுருக்கமாக. "குடிப்பீங்களா?" என்றால் "எப்பவாவது" என்பதுதான் பதில், "குளிருக்காக" என்று சேர்த்துக்கொள்வதும் உண்டு. "ஒரு நாளைக்கு ஒரு குவார்ட்டரா, ரெண்டா?" என்று சாதாரணமாகக் கேட்டால், "ரெண்டெல்லாம் இல்லைங்க, ஒண்ணரைதான்" என்று உண்மை வந்து விழும். அளவைவிட முக்கியமானது கடைசியாகக் குடித்த நேரம். காலை உடைத்துக்கொண்டு சேர்ந்தவருக்கு இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ கை நடுங்கி, வலிப்பு வந்து, சுவரில் பூச்சி ஊர்வதாகக் கத்தினால், அது பேயும் இல்லை, பைத்தியமும் இல்லை. சேர்த்த இரவில் கேட்காமல் விட்ட கேள்வி அது.

21 ஜூன், மாலை 5.45

ஒரு திருத்தம். "யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று உறுதி கொடுத்துவிட்டால் பெண்கள் பேசிவிடுவார்கள்" என்று இதற்கிடையில் ஒருவருக்குப் பதில் எழுதியிருந்தேன். மருத்துவர் ஒருவர் அதைச் சுட்டிக் காட்டியிருக்கிறார். அவர் சொல்வது சரி. பதினெட்டு வயது நிரம்பாத பெண் என்றால் அந்த உறுதியை நான் கொடுக்க முடியாது. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவு, குற்றம் பற்றித் தெரிந்தவர் காவல் துறைக்குத் தகவல் கொடுத்தாக வேண்டும் என்கிறது. கருக்கலைப்பு நாடி வரும் சிறுமியின் பெயரையும் அடையாளத்தையும் அவளோ பாதுகாவலரோ கேட்டுக்கொண்டால் மருத்துவர் அந்தத் தகவலில் வெளியிட வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் 2022 செப்டம்பரில் சொல்லியிருக்கிறது. ஆனால் தகவலே கொடுக்க வேண்டாம் என்று சொல்லவில்லை.

எனவே வாக்கியத்தை மாற்றிக்கொள்கிறேன். "உன்னைக் குணப்படுத்துவதற்கு யாருக்குத் தெரிய வேண்டுமோ அவர்களுக்கு மட்டும் சொல்வேன், உன் வீட்டாருக்கு உன்னைக் கேட்காமல் சொல்ல மாட்டேன், சட்டம் சொல்லச் சொன்னால் உன்னிடம் சொல்லிவிட்டுத்தான் செய்வேன்." இது நீளமான வாக்கியம். இதைக் கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்ட பெண்களும் உண்டு. ஆனாலும் பொய் உறுதி கொடுத்துப் பேச வைப்பதைவிட இது மேல்.

24 ஜூன், இரவு 10.15

மழை பிடித்துவிட்டது, கூடலூர்ப் பக்கம் ஓயாமல் கொட்டுவதாகச் சொல்கிறார்கள். இப்படிப்பட்ட ஓர் இரவில் வந்த நோயாளியைப் பற்றி எழுத வேண்டும் என்று மூன்று நாட்களாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

தேயிலைத் தோட்டத்து இளம் மனைவி. இருமல் மருந்து என்று நினைத்துத் தவறுதலாக எதையோ குடித்துவிட்டதாகக் கணவர் சொன்னார். வாயில் புண். மூச்சு கொஞ்சம் வாங்கியது. கை தானாகவே ஆக்சிஜன் குழாயை நோக்கிப் போகும். எல்லாப் பயிற்சியும் அப்படித்தான். ஆனால் அவள் குடித்திருந்தது பாராகுவாட் என்ற களைக்கொல்லி. அதற்கு மாற்று மருந்து கிடையாது. தேவைக்கு மேல் கொடுக்கும் ஆக்சிஜன் நுரையீரலின் சேதத்தை அதிகப்படுத்தும். பூச்சிமருந்து என்றால் வேர்வையும் எச்சிலும் சுருங்கிய கண்மணியும் காட்டிக் கொடுக்கும், அட்ரோபின் என்ற மாற்று மருந்தைப் போடலாம். எலி பேஸ்ட் என்றால் முதல் நாள் நன்றாகவே இருப்பார்கள், வீட்டுக்கு அனுப்பிவிடலாம் போலத் தோன்றும்; பிறகுதான் கல்லீரல் விழும். ஆகவே "என்ன குடித்தாய், எவ்வளவு, எப்போது" என்பது வெறும் விசாரணை இல்லை.

கணவர் இருக்கும் வரை அவள் இருமல் மருந்து என்றே சொன்னாள். அவர் போனதும் களைக்கொல்லி என்றாள். ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்று கேட்டதற்கு, "போலீசு வருமே, சிஸ்டர்" என்றாள். அந்தப் பயம் இன்றும் இருக்கிறது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கொள்ள வேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில், தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய பழைய 309ஆம் பிரிவே இல்லை. ஆனாலும் நஞ்சு என்றால் ஏ.ஆர். புத்தகம் என்ற விபத்துப் பதிவேட்டில் பதிவு உண்டு, காவல் நிலையத்துக்குத் தகவல் போகும். அதை மறைக்காமல், "தகவல் போகும், உன்னை ஜெயிலில் போடுவதற்கு இல்லை" என்று சொல்லிவிட வேண்டும்.

வேண்டுமென்றே குடித்தாயா என்று நேராகக் கேட்டால் அந்த எண்ணத்தை நாமே ஊட்டிவிடுவோம் என்று எங்களுக்குள் ஒரு நம்பிக்கை இருந்தது. அது தவறு. நேராகக் கேட்டால் பலருக்கு மூச்சு விட்டாற்போல இருக்கும். நான் அவளிடம் கேட்டேன், சொன்னாள். பதினோரு நாள் உயிரோடு இருந்தாள்.

25 ஜூன், காலை 9.10

நேற்றைய குறிப்பைப் படித்துவிட்டு இப்போது மனம் சரியில்லை என்று எழுதியிருக்கும் வாசகருக்கு: 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் எந்நேரமும் தமிழில் பேசலாம். பேசுங்கள்.

29 ஜூன், பிற்பகல் 2.00

நோயாளிக்காகக் கேட்கும் கேள்வி, நமக்காகக் கேட்கும் கேள்வி என்று இரண்டு உண்டு. எச்.ஐ.வி. இருக்கிறதா என்று வாசலிலேயே கேட்பது, தையல் போடுபவரின் பயத்துக்காகக் கேட்பது. எல்லாருடைய இரத்தத்தையும் ஒன்றுபோலக் கருதிக் கையுறை போட வேண்டும் என்பதே விதி. 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி. சட்டத்தின்படி ஒருவரின் நிலையை வெளியே சொல்வதற்கும், அதைக் காட்டிச் சிகிச்சையை மறுப்பதற்கும் தடை உண்டு. ஆனால் "தினமும் தவறாமல் போடுகிற மாத்திரை ஏதாவது உண்டா, எங்கே வாங்குகிறீர்கள்" என்பது அவருக்காகக் கேட்பது. பிற மருந்துகளோடு சேர்ந்து அது சிக்கல் செய்யலாம். இங்கிருந்து கோயம்புத்தூருக்குப் போய் மாத்திரை வாங்கி வருகிறவர்கள் உண்டு. பக்கத்தில் கிடைக்காததால் போகவில்லை. பக்கத்தில் தெரிந்தவர் பார்த்துவிடுவார் என்பதால் போகிறார்கள்.

எந்தச் சமுதாயம் என்ற கேள்வியும் அப்படியே. பெரும்பாலும் அது நம் ஆர்வத்துக்காகக் கேட்பது. கேட்காமல் இருப்பதே மரியாதை. ஆனால் கூடலூர், பந்தலூர்ப் பகுதியில் உடம்பெல்லாம் மூட்டு மூட்டாக வலிக்கிறது என்று ஒரு பணியர் இளைஞரோ முள்ளுக்குறும்பர் பெண்ணோ துடித்தால், சிக்கிள் செல் எனப்படும் அரிவாள் அணுச் சோகை என்ற பரம்பரை இரத்தக் குறைபாடு நினைவுக்கு வர வேண்டும். இந்தியாவில் அந்தக் குறைபாடு முதன்முதலில் 1952இல் பதிவானதே நீலகிரி மலைப் பழங்குடிகளிடம்தான். நடிக்கிறான், குடித்திருக்கிறான் என்று வலி ஊசி மறுக்கப்பட்டதைக் கண்ணால் கண்டிருக்கிறேன். சமுதாயத்தைக் கேட்காமலே விஷயத்துக்கு வரலாம்: "சிக்கிள் செல் டெஸ்ட் எடுத்திருக்கிறார்களா, அட்டை இருக்கிறதா?"

2 ஜூலை, இரவு 9.30

மொழியைப் பற்றி ஒருவர் கேட்டதற்காக. ஜார்க்கண்டிலிருந்தும் அசாமிலிருந்தும் தோட்டங்களுக்கு ஆட்கள் வரத் தொடங்கிய பிறகு எங்களுக்கு வாய் போய்விட்டது. மேஸ்திரியே மொழிபெயர்ப்பாளர், சம்பளம் கொடுப்பவரிடம் யார் உண்மை சொல்வார்கள்? ஒருமுறை தமிழ்ப் பள்ளியில் படிக்கும் பத்து வயது மகனிடம், "அம்மாவுக்கு எத்தனை நாளாக இரத்தம் போகிறது என்று கேள்" என்று சொல்லிவிட்டேன். அவன் கேட்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். பிரசவ வார்டில் இந்தி தெரிந்த செவிலியர் ஒருவர் இருந்தார். அவரைத் தொலைபேசியில் பிடித்து, அந்தத் தாயின் காதில் வைத்தேன். முதலிலேயே செய்திருக்க வேண்டியது.

6 ஜூலை, இரவு 11.50

முதல் குறிப்பில் "கேட்ட இடம்தான் தவறு" என்று தீர்ப்புச் சொல்லியிருந்தேன். இடத்தைச் சரியாக வைத்துக்கொண்டும் தவறு செய்யலாம் என்பதை எழுதாமல் இந்த இழையை விட்டுப் போக எனக்கு உரிமை இல்லை.

பதினான்கு ஆண்டுகளுக்கு முன், தோட்டத்திலிருந்து பத்தொன்பது வயதுப் பெண் ஒருத்தி வயிற்றுவலியோடு வந்தாள். அம்மாவைச் சீட்டுப் போடவும் தம்பியைப் பால் வாங்கவும் அனுப்பினேன். ஸ்டூலில் உட்கார்ந்தேன், காரணம் சொன்னேன், மெல்லக் கேட்டேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னாள். பரிசோதனையில் இரண்டு கோடுகள். இரத்த அழுத்தம் இறங்கிக்கொண்டிருந்தது. 108 வண்டிக்குச் சொல்லிவிட்டு, கோயம்புத்தூருக்கு அனுப்பும் சீட்டை மருத்துவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். அவர் சொன்னது, கருக்குழாய்க் கர்ப்பம் என்ற ஐயம், பரிசோதனை முடிவு, இரத்த அழுத்தம், நாடி. மேலே முதல் வரியில் "திருமணமாகாதவர்" என்பதை நானாகச் சேர்த்து, அடிக்கோடும் இட்டேன். ஏன் என்று இன்றும் எனக்குத் தெளிவாக இல்லை. அப்படி எழுதுவது வழக்கம், அவ்வளவுதான். அந்தச் சொல்லால் எந்த அறுவை மருத்துவரின் கத்தியும் வேறு இடத்தில் படப்போவதில்லை.

சீட்டு ஆங்கிலத்தில் இருந்தது. லைன் வீட்டில் யார் படிக்கப் போகிறார்கள் என்ற எண்ணம் எனக்கு இருந்தது. தம்பி பாலிடெக்னிக் மாணவன். சீட்டை அவன் கையில்தான் கொடுத்தேன். வண்டி மேட்டுப்பாளையம் போய்ச் சேர்வதற்குள் படித்துவிட்டான், அங்கேயே இறங்கிக்கொண்டான். அவள் பிழைத்தாள். அறுவை சரியான நேரத்தில் நடந்தது. ஆனால் மலைக்குத் திரும்பவில்லை. திருப்பூரில் பனியன் கம்பெனியில் சேர்ந்ததாக அம்மா சொன்னார். அதைச் சொல்லத்தான் அவர் என்னிடம் வந்தார் என்று நினைத்தேன். அவர் கேட்க வந்தது வேறு. "அந்தச் சீட்டை எழுதுனது யாரு, சிஸ்டர்?" என்றார்.

மருத்துவர் எழுதியது என்று சொன்னேன். கையெழுத்து அவருடையதுதானே.

7 ஜூலை, காலை 8.20

நேற்றிரவு அத்தோடு நிறுத்திவிட்டேன். பிறகு என்ன செய்தேன் என்று இருவர் கேட்டிருப்பதால்: அனுப்பும் சீட்டை உறையில் போட்டு ஒட்டி, 108இல் வரும் மருத்துவ உதவியாளர் கையில் மட்டும் கொடுப்பேன், உறவினர் கையில் கொடுப்பதில்லை. அந்த மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குத் தொலைபேசியில் சொல்லிவிடுவேன். அந்த ஒரு சொல்லை அதன் பிறகு எழுதியதில்லை. இப்போது உதகையிலேயே அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை 700 படுக்கைகளோடு வந்துவிட்டதால், எல்லாரும் மலை இறங்க வேண்டியதில்லை. சீட்டு போகும் தூரம் குறைந்திருக்கிறது.

12 ஜூலை, மாலை 4.25. கோத்தகிரிக்காரர்

தங்கையிடம் பேசினேன். அந்தக் கேள்வி அவளைப் புண்படுத்தவில்லையாம். அவள் வாயைத் திறப்பதற்கு முன்பே பெரியப்பா பதில் சொன்னதுதான் வலித்ததாம். இன்னொன்றும் கேட்டாள். டிஸ்சார்ஜ் காகிதங்களில் கர்ப்பப் பரிசோதனை, இல்லை என்று எழுதியிருக்கிறது. வீட்டில் யாராவது பார்த்தால் எதற்கு அந்தப் பரிசோதனை என்று கேட்பார்களே, அதை நீக்கச் சொல்லலாமா என்கிறாள்.

12 ஜூலை, இரவு 9.40

நீக்க முடியாது, நீக்கவும் வேண்டாம். இரத்த வகை, ஹீமோகுளோபின் ஆகியவற்றைப் போல அதுவும் ஒரு வரி. மயக்க மருந்து கொடுப்பதற்கு முன் பார்த்தாக வேண்டியது. யாராவது கேட்டால், அறுவைக்கு முன் அந்த வயதுப் பெண்களுக்கு வழக்கமாக எடுப்பது என்று அவளே சொல்லட்டும், அது உண்மைதான்.

அந்தக் காகிதக் கோப்பு இப்போது யாரிடம் இருக்கிறது? உங்கள் அலமாரியில் என்றால், எடுத்து அவளிடம் கொடுத்துவிடுங்கள்.